மூன்று கட்டைச் சுருதி

நாமகிரிப்பேட்டை
12-2-1936

பினாங்குப் பட்டத்து மகாராணியும், என் அக்காள் பொன்னாயி பெற்ற ஒரே மகளுமாகிய சௌபாக்கியவதி தெய்வநாயகிக்கு,

மஞ்சள்காட்டு மன்னனும், முன்னாள் நாடக ராஜபார்ட்டும், இந்நாளில் வெற்றிலைப் பெட்டியைத் தவிர வேறெதன்மீதும் அதிகாரமில்லாதவனுமான உன் மாமன் கண்ணுசாமி எழுதும் திருமுகம். இங்கே மாடு கன்று உள்பட எல்லாரும் சுகம். உன் அத்தை அங்காளம்மாளுக்கு முட்டிதான் வலி, வாய் பூரண சுகம். அங்கே நீ, மாப்பிள்ளை மாரியப்பன், நான் இன்னும் கண்ணால் காணாத நம் குட்டி சின்னப் பொன்னாயி, மூவரும் சுகந்தானே?

நீ அனுப்பிய பெட்டி வந்தது. அம்மாபேட்டைக் கைலிகளைக் கப்பலேற்றி உங்கள் சீமையில் விற்கிற நம் கரீம் பாஷா, சேலத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து தன் கையாலேயே கொடுத்தார். வேடிக்கை பார்க்க முப்பதாயிரம் பேர் கூடிவிட்டார்கள். இந்த ஊரில் அத்தனை பேர் ஏது என்று கேட்காதே. ராஜா எண்ணினால் எண்ணியதுதான்.

திறந்து பார்த்தால் ஒரு முழ நீளத்தில் நாலு நரம்பு கட்டிய பொம்மை! பக்கத்துக் காட்டு சென்றாயன் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங் மாமா, இது வீணை போட்ட குட்டிங்களா?" என்றான். "ஆமாடா, இன்னும் கண்ணே தொறக்கல. தள்ளி நில்லு" என்றேன். யுகுலேலே என்று பாஷா பேர் சொன்னார். அதைச் சொல்லிப் பார்த்த உன் அத்தைக்கு வெற்றிலை புரையேறிவிட்டது.

ஒரே ஒரு குறை. வயிற்றோரத்தில் எலி கடித்த பல் தடம் இருக்கிறது. கப்பல் எலியாகத்தான் இருக்கும். கப்பல் கேப்டன்மேல் வழக்குப் போடலாமா என்று பாஷாவைக் கேட்டேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு, வண்டிமாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

இனி ராஜ்ய விவகாரம். மூன்றே வருஷத்தில் திரும்புவதாகச் சொல்லிக் கப்பலேறியவள் நீ. இது ஏழாவது வருஷம். போய்ச்சேர்ந்த உன் அம்மாவின் ஊட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் முடிந்து வைத்திருக்கிறேன். நம் கொட்டகை ஒழுகுகிறதாம், வேகவைத்த மஞ்சளை உன் அம்மா ஊட்டில் அடுக்க வேண்டுமாம். உன் அத்தை தினம் ஒரு யுத்தம் நடத்துகிறாள். "வெறும் ஊட்டுக்கு எதுக்குங்க காவலு?" என்கிறாள். "ராணி வந்து எறங்குனா மஞ்ச மூட்டை மேலயா படுப்பா?" என்று கேட்டு வாயை அடைத்துவிட்டேன்.

குட்டிக்கு மூன்றாவது வயது நடக்கிறது. காது குத்த ஒற்றைப்படை வயதுதான் முறை. உனக்கோ கூடப்பிறந்தவன் இல்லை, ஆகவே தாய்மாமன் மடி என்னுடையது. நம் அண்ணமார் கோயிலில் அவளை மடியில் உட்காரவைக்கும் வரை இந்த மடியில் பூனையைக்கூட ஏற்றுவதில்லை என்று விரதம். எப்போது வருகிறாய்? பொம்மையை எப்படி வாசிப்பது?

குட்டிக்கு என் மீசையால் ஒரு குத்து.

இப்படிக்கு,
கண்ணுசாமி மாமன்


பினாங்கு
20-3-1936

அன்புள்ள மாமா அவர்களுக்கு,

தெய்வநாயகி கைகூப்பி எழுதிக்கொள்வது. அவர் சுகம். ரயில்வேயில் வேலை நிலையாகிவிட்டது. நானும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறேன். அத்தையின் முட்டிக்கு இங்கே கிடைக்கும் ஜாதிக்காய்த் தைலம் அனுப்புகிறேன்.

உங்கள் கடிதத்தை அவரும் நானும் மூன்று தடவை படித்தோம். வெகு நாளைக்குப் பிறகு இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

எங்கள் அடுத்த வீட்டில் மணிலாவிலிருந்து வந்த ரோசாரியோ அம்மாள் இருக்கிறாள். அவள் புருஷன் ஹோட்டல் பாண்டு வாத்தியக் குழுவில் வாசிக்கிறார். ஸ்பெயின் தேசத்து ஜிப்சிகளின் பாட்டு ஒன்று அவள் தாத்தா வழியாக வந்ததாம், ஃபிளமெங்கோ என்று பெயர். கிட்டாரில் வாசிக்க வேண்டியதை அவள் இந்தச் சின்னதில் வாசிக்கிறாள். நான் அவளிடம் கொஞ்சம் கற்றேன். உங்களுக்கும் சொல்கிறேன், கேலி செய்யாமல் கேளுங்கள்.

முதலில் சுருதி சேர்க்க வேண்டும். வாத்தியத்தை மார்போடு அணைத்துக்கொண்டால் உங்கள் முகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நரம்பு ஐந்து கட்டை. அடுத்தது ஒன்று, அதற்கடுத்தது மூன்று, கடைசி ஆறு. முதல் நரம்பு இரண்டாவதைவிட உச்சத்தில் கத்தும். பயப்பட வேண்டாம், அது அப்படித்தான்.

நம் பாட்டில் ஒரு சுரத்துக்குப் பின் இன்னொரு சுரம் வரும். இவர்கள் மூன்று நாலு சுரங்களை ஒரே சமயத்தில் சேர்த்து அடிக்கிறார்கள். கார்டு என்பார்கள். நான் கூட்டு என்று வைத்துக்கொண்டேன். முதல் கூட்டுக்கு ஒரே விரல் போதும். கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் கம்பிகள்தான் மெட்டு; மேல் நரம்பை இரண்டாம் மெட்டில் அழுத்துங்கள், மற்றதை விட்டுவிடுங்கள். வலக்கை விரல்களை ஒவ்வொன்றாக விரித்து உதற வேண்டும், கையில் ஒட்டிய மாவை உதறுகிற மாதிரி.

வருவதைப் பற்றி அவர் லீவு கேட்டுப் பார்க்கிறேன் என்கிறார்.

உங்கள் ஆசியை வேண்டும்,
தெய்வநாயகி


நாமகிரிப்பேட்டை
2-5-1936

ஸ்பெயின் தேசத்து ஆஸ்தான வித்துவாம்சினி தெய்வநாயகிக்கு, மாமனின் ஆசீர்வாதம் ஒரு வண்டி.

நாங்கள் சுகம். உன் தைலத்தைத் தேய்த்த மறுநாளே அத்தை கிணற்றைத் தாண்டிக் குதித்தாள். அதாவது, கிணற்றடி வரை நடந்தாள். உங்கள் மூவரின் சுகத்துக்கு எழுது.

முதல் கூட்டைப் பிடித்துவிட்டேன். நான் அதை மீட்டிய அன்று ராசிபுரத்தில் ஒரு பசு இரட்டைக் கன்று ஈன்றது. சென்றாயனின் எருது கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. இன்பம் தாங்காமல் என்பது என் கட்சி. அவன் வேறு ஏதோ சொல்கிறான்.

"கூட்டு வெக்கறேன், கூட்டு வெக்கறேன்னு காத்தாலேருந்து ஒக்காந்திருக்கறீங்க. சோத்துக்கு என்னத்த ஊத்திக்கறது?" என்கிறாள் உன் அத்தை. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். என் நாடகக் காலத்துச் சுருதிப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினேன். துருத்தியை அமுக்குகிற உத்தியோகம் அவளுக்கு. அமுக்கிக்கொண்டே பருப்பில் கல் பொறுக்குகிறாள். முதல் கூட்டு ஆறு கட்டையில்தானே நிற்கிறது? ஆகவே பெட்டியில் ஆறு கட்டையைத் திறந்து வைத்தேன். நம் வழக்கம் அதுதான். எது முதலில் ஒலிக்கிறதோ அதுவே சட்ஜம், அதுவே ஊடு.

அம்மிணி, பெட்டி "ம்ம்ம்" என்று பிடிக்க, நான் விரலை உதற, எனக்கு ராசிபுரம் சந்தைப்பேட்டை ஞாபகம் வந்துவிட்டது. நான் ராஜபார்ட் வேஷத்தோடு மேடையில் நிற்கிறேன். ஏழு வயசுக்காரி நீ, முன்வரிசையில் உன் அம்மா மடியில் உட்கார்ந்துகொண்டு, "மாமா, மீசை உழுது!" என்று கத்தினாய். சபையே சிரித்தது. விழுந்த மீசையை ஒட்டிக்கொண்டு நான் பாடிய பாட்டுக்கு மூன்று ஒன்ஸ்மோர். அந்த மாதிரிக் கைதட்டல் பிறகு எனக்கு வாய்க்கவே இல்லை. இப்போது அந்தப் பக்கம் போனால் வைக்கோல் வண்டிகள்தான் நிற்கின்றன.

குட்டி பேசுகிறாளா? என்னை மாமன் என்றே கூப்பிடச் சொல்லிக்கொடு. தாத்தா என்றால் மீசை அந்த க்ஷணமே நரைத்துவிடும். பல் எத்தனை முளைத்திருக்கிறது என்று எழுது. அடுத்த கூட்டுகளையும் அனுப்பு.

கண்ணுசாமி மாமன்


பினாங்கு
18-6-1936

அன்புள்ள மாமா அவர்களுக்கு நமஸ்காரம்.

நலமாயிருக்கிறோம். ஒரு வாரமாக விடாத மழை. அவருக்கு இரவு வேலை. அந்த மீசை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நாடகம் முடிந்ததும் அதை எடுத்து என் கையில் கொடுத்தது நீங்கள்தான். அம்மா அதைப் பூச்சி என்று நினைத்து அடித்தாள்.

மிச்சம் மூன்று கூட்டுகள். இரண்டாவதுக்கு மேல் நரம்பைத் தொட வேண்டாம். மற்ற மூன்றையும் இரண்டு, மூன்று, இரண்டு என்ற மெட்டுகளில் அழுத்துங்கள். மூன்றாவதுக்கு மேல் நரம்பு இரண்டாம் மெட்டு, மூன்றாம் நரம்பு முதல் மெட்டு. நாலாவதுதான் கஷ்டம். மேலே உள்ள மூன்று நரம்புகளும் நாலாம் மெட்டில், கடைசி நரம்பு இரண்டாம் மெட்டில். விரல் எல்லாம் வலிக்கும்.

இந்த நாலு கூட்டும் படி இறங்குகிற மாதிரி. ஆறு கட்டை, ஐந்து, நாலு, மூன்று. அவ்வளவுதான் முழுப் பாட்டும். இறங்குவது, மறுபடி ஏறுவது, மறுபடி இறங்குவது.

ஒன்றைக் கவனியுங்கள். இரண்டாம் கூட்டில் ஐந்து கட்டைச் சுரம் இருக்கும். கடைசிக் கூட்டில் அதுவே அரைக் கட்டை ஏறி ஐந்தரை ஆகிவிடும். ரோசாரியோ அம்மாள் அந்த இடத்துக்கு வரும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்வாள். ஏன் என்று கேட்டேன். "அழுகிறவள் தலை நிமிர்கிற இடம் அது" என்றாள். போன வருஷக் கடைசியில் பல நாட்கள் எங்கள் வீட்டுக்கு வந்து இதையே வாசித்துக்கொண்டிருந்தாள்.

அத்தை மஞ்சளை எங்கே வைத்தார்கள்?

தெய்வநாயகி


நாமகிரிப்பேட்டை
30-7-1936

அம்மிணி தெய்வநாயகிக்கு,

ஆடிக்காற்றில் இந்தக் காகிதம் பறந்தே பினாங்கு வந்துவிடும், தபால்காரர் தேவையில்லை. நாங்கள் சுகம். நீ, மாப்பிள்ளை, குட்டி மூவர் சுகத்தையும் தனித்தனியாக எழுது. மூன்று பேருக்கு ஒரு வார்த்தையில் "நலம்" என்று எழுதுவது சிக்கனம் அல்ல, கஞ்சத்தனம்.

நாலு கூட்டும் கைவசம். நாலாவதைப் பிடிப்பதற்குள் என் விரல்கள் கோவில் யானையை இழுத்த கயிறு மாதிரி ஆகிவிட்டன. ஆனால் ஸ்பெயின் தேசத்து ராஜா மீது எனக்கு ஒரு பிராது இருக்கிறது.

ஆறு, அஞ்சு, நாலு, மூணு என்று படி இறங்கி வருகிறான். சரி. மூணில் வந்து நின்றுவிட்டானே! ஆறு கட்டை சட்ஜம் என்றால் மூணு கட்டை பஞ்சமம். பஞ்சமத்தில் எவனாவது பாட்டை முடிப்பானா? சட்ஜம் நம் ஊடு, பஞ்சமம் பக்கத்து ஊடு. நான் நாலாவது கூட்டை உதறிவிட்டு நிறுத்தினால், துருத்தி அமுக்கிக்கொண்டிருக்கிற உன் அத்தை, "அப்பறம்?" என்கிறாள். சங்கீதமே தெரியாத அவளுக்கே தெரிகிறது, இன்னும் வந்து சேரவில்லை என்று. ஆகவே சமஸ்தானத்தின் உத்தரவுப்படி நான் ஐந்தாவதாக ஒன்று சேர்த்துவிட்டேன். கடைசியில் மறுபடியும் முதல் கூட்டு. கிளம்பின ஊட்டுக்கே திரும்பி வந்தாயிற்று. இப்போதுதான் உன் அத்தை "ம்" என்றாள்.

அதேபோல நீயும் திரும்பு. தை பிறந்தால் குட்டிக்கு நாலு ஆரம்பம், ஒற்றைப்படை தாண்டிவிடும். மார்கழிக்கு முன் கப்பலேறு. காதுக்குத் தோடு செய்யத் தட்டாசாரியிடம் சொல்லிவிட்டேன், சிவப்புக்கல் வைத்து. இடுப்புக்கு அரைஞாண் செய்ய வேண்டும், ஒரு நூலால் அளந்து அந்த நூலைக் கடிதத்தோடு அனுப்பு. நூலை மறக்காதே.

மஞ்சள் ஒழுகுகிற கொட்டகையிலேயே இருக்கிறது. உன் அம்மாவின் ஊட்டுக்கு வெள்ளையடித்துவிட்டேன்.

கண்ணுசாமி மாமன்


பினாங்கு
4-11-1936

அன்புள்ள மாமாவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை.

உங்கள் பிராதை ரோசாரியோ அம்மாளிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, "உன் மாமா தப்பான இடத்தை வீடு என்று நினைத்திருக்கிறார்" என்றாள். அந்தப் பாட்டுக்கு முதல் கூட்டு வீடு இல்லையாம். கடைசியில் எங்கே இறங்கி நிற்கிறதோ, அதுதான் வீடாம். சுருதிப் பெட்டியில் ஆறு கட்டையை மூடிவிட்டு மூன்று கட்டையைத் திறந்து பாருங்கள். நீங்கள் காலையில் பாடுவீர்களே தோடி, கிட்டத்தட்ட அதுவே வரும், கடைசியில் காந்தாரம் மட்டும் பெரியதாகிவிடும். உங்கள் ஐந்தாவது கூட்டு தேவைப்படாது.

லீவு இந்த வருஷம் கிடைக்காது போலிருக்கிறது.

தெய்வநாயகி


நாமகிரிப்பேட்டை
6-12-1936

தெய்வநாயகிக்கு ஆசீர்வாதம்.

சுகம். நூல் வரவில்லை. கடித உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், தலைகீழாக உதறியும் பார்த்தேன். தபாலில் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்கிறேன். பரவாயில்லை. அளவு நானே போட்டுவிட்டேன். நம் பரம்பரைக்கு மூன்று வயதில் இடுப்பு பூசணிக்காய்க்குச் சமம்.

சுருதியை மாற்ற முடியாது. ஆயிரம் நாடகங்களுக்கு ஆறு கட்டையில் அலறிய பெட்டி இது. ஸ்பெயின்காரனுக்காக ஊட்டை இடம் மாற்றினால் நாளைக்கு வங்காளக்காரன் கிணற்றை இடம் மாற்றச் சொல்வான்.

தோடு வந்துவிட்டது. சாவியோடு இடுப்பில்தான் இருக்கிறது. தைக்கு முன் இல்லாவிட்டால் போகிறது, ஐந்தாவது வயதில் குத்துவோம். நான் காத்திருப்பேன். ராஜாக்களுக்கு வேறென்ன வேலை.

மாமன்


சேலம்
22-1-1937

அம்மிணி தெய்வநாயகி, உன்ற அத்தை அங்காளம்மா பேசறேன்.

முட்டிக்கு வைத்தியம் பாக்கச் சேலம் வந்து, நம்ம கரீம் பாஷா ஊட்டுல எறங்கியிருக்கேன். பேசறது நானு, எழுதறது அவுங்க சம்சாரம் ரஹமத் பீவி. நான் சொல்றத மாத்தாம எழுதோணும்னு சத்தியம் வாங்கிட்டுத்தான் ஒக்காந்தேன். நீ நல்லாருக்கியா சாமி? மாப்பிள்ளை நல்லாருக்காரா?

உன்ற மாமனுக்கு நான் கடுதாசி போடறது தெரியாது. தெரிஞ்சா அதுக்கொரு பாட்டுப் பாடுவாரு.

உன்ற கடுதாசி வந்தா பத்துப் பேரக் கூட்டி வெச்சுச் சத்தமாப் படிப்பாரு. "சின்னப் பொன்னாயி பூனைய வெரட்டறாளாம்"னு படிப்பாரு. "மாமன் எங்கேன்னு கப்பலக் கை காட்டறாளாம்"னு படிப்பாரு. சனம் சிரிக்கும். எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனா நாப்பது வருசமா அந்த மூஞ்சியப் படிச்சுட்டிருக்கேன். மேடையில பொய் பேசறப்ப மீசை துடிக்கும். கடுதாசி படிக்கறப்பவும் துடிச்சுது.

வரப்ப உன்ற கடுதாசியெல்லாம் முந்தானையில முடிஞ்சு கொண்டாந்து, "பீவி, இதுல புள்ளயப் பத்தி இருக்கற எடத்த மட்டும் படிம்மா"ன்னேன். பீவி எல்லாத்தையும் பொரட்டிப் பாத்துட்டு, "அடுப்புல பால் இருக்கு"ன்னு எந்திரிச்சுப் போயிருச்சு. போன புள்ளை வரவேயில்ல. நானே போய்ப் பாத்தேன். அடுப்பு மூட்டவே இல்ல.

நான் ஒண்ணும் கேக்க மாட்டேன் சாமி. நானும் பெத்து ரெண்டச் சுடுகாட்டுக்கு அனுப்புனவதான். நீயே வாய் தொறந்து மாமனுக்குச் சொல்லு. அவரு தெனம் அந்தச் செவப்புக்கல்லுத் தோடு ரெண்டையும் தொடைக்கறாரு. என்னால பாக்க முடியல.

உன்ற அத்தை

*இது ரஹமத் பீவி, என் பேச்சாக இரண்டு வரி. பினாங்கில் நடந்ததை ஊரில் சொல்லக்கூடாது என்று நீங்கள் என் வீட்டுக்காரரிடம் வாக்கு வாங்கிக்கொண்டீர்கள். அதை அவர் இன்றுவரை காப்பாற்றியிருக்கிறார். இன்னொரு தடவை இந்த அம்மா கேட்டால், எழுந்து போவதற்கு என் வீட்டில் வேறு அறை இல்லை சகோதரி.*


பினாங்கு
9-3-1937

மாமாவுக்கும் அத்தைக்கும்,

சின்னப் பொன்னாயி இல்லை. 1935 கார்த்திகையில் வந்த காய்ச்சல், ஆறு நாள் இருந்தது. தண்ணீர்மலை அடிவாரத்தில் செம்பருத்திச் செடி ஓரம் வைத்திருக்கிறோம்.

அந்த வாரமே உங்களுக்கு எழுதினேன். தபாலில் போடவில்லை. அப்போதுதான் உங்களிடமிருந்து ஒரு கடிதம் வந்தது, ஞாபகம் இருக்கிறதா மாமா? குட்டிக்குப் பனைமர உயரத்துக்கு ஒரு யானை வாங்கிக் கட்டியிருப்பதாகவும், அது இப்போதே அவள் பேரைச் சொல்லிப் பிளிறுவதாகவும் எழுதியிருந்தீர்கள். அவர் அதைப் படித்துச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்து, பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். இங்கே எல்லோரும் அவள் பெயரைச் சொல்வதையே நிறுத்திவிட்டார்கள், எனக்கு வலிக்குமென்று. உங்கள் கடிதத்தில் மட்டும் அவளுக்குப் பல் முளைத்தது. பேச்சு வந்தது. வயது ஏறியது. நான் உண்மையை எழுதிவிட்டால் அங்கேயும் நின்றுவிடும். அதனால்தான் எழுதவில்லை. அவளைப் பற்றிப் பொய்யும் எழுத முடியவில்லை.

உங்களுக்கு அனுப்பிய யுகுலேலே அவளுடையது. ரோசாரியோ அம்மாள் பழசு ஒன்றை விளையாடக் கொடுத்திருந்தாள். அதை மடியில் சாய்த்துக்கொண்டு நாலு நரம்பையும் ஒரே அறை அறைவாள். பல் முளைக்கும்போது ஈறு அரித்தால் அதன் ஓரத்தைத்தான் கடிப்பாள். அது எலி இல்லை மாமா.

வீட்டில் வைத்திருக்கவும் முடியவில்லை, வேறொரு குழந்தையிடம் கொடுக்கவும் மனசு வரவில்லை. உங்கள் சத்தத்துக்கு நடுவில் இருந்தால் அது நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

அவருக்கு லீவு கிடைத்துவிட்டது, போன வருஷமே. நான்தான் வேண்டாம் என்றேன். அவளை இங்கே தனியாக விட்டுவிட்டு எப்படிக் கப்பலேறுவேன்? மழை பெய்தால் நான் போய்ப் பார்க்க வேண்டும். அம்மா வீட்டில் அத்தை மஞ்சளை அடுக்கிக்கொள்ளட்டும்.

என்மேல் கோபம் இருந்தால் திட்டி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

தெய்வநாயகி


நாமகிரிப்பேட்டை
25-5-1937

என் கண்ணு தெய்வநாயகிக்கு,

உன் அத்தை எழுந்து நடக்கிறாள். மாடு கன்று சுகம். நான் இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

பதில் எழுத ஏன் இத்தனை நாள் என்று கேட்காதே. ஆயிரம் நாடகத்தில் வசனம் மறக்காதவன், மை தொட்டுத் தொட்டு உலர வைத்தேன்.

உன் கடிதம் வந்த அன்று வழக்கம்போலக் கூட்டம் கூடியது. "படிங் மாமா" என்றான் சென்றாயன். நான் அவர்களை அனுப்பிவிட்டு யுகுலேலேயை எடுத்தேன். அந்தத் தடத்தில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். ஒரு வருஷத்துக்கு மேலாக வாசிக்கும்போதெல்லாம் முழங்கை அங்கேதான் படிந்திருக்கிறது. எலி என்று சொல்லி வழக்குப் போடப் பார்த்தேனே, படுபாவி.

பிறகு நாலு நாள் யாரோடும் பேசவில்லை. இந்த ஊர் சரித்திரத்தில் அப்படி நடந்ததில்லை என்று உன் அத்தை பயந்துபோய் மந்திரிக்க ஆள் கூப்பிட்டாள்.

ஐந்தாம் நாள் அவளைத் துருத்தியை அமுக்கச் சொன்னேன். பெட்டியில் ஆறு கட்டையை மூடினேன். மூணைத் திறந்தேன். நீ சொன்ன தோடிதான், அடையாளம் தெரிந்தது. ஆறு, அஞ்சு, நாலு, மூணு என்று இறங்கினேன். கடைசிக் கூட்டில் அந்தக் காந்தாரம் தலை தூக்கியது. நிறுத்தினேன். "அப்பறம்?" என்று கேட்பாளென்று உன் அத்தையைப் பார்த்தேன். அவள் கேட்கவில்லை. துருத்தியிலிருந்து கையை எடுத்துவிட்டு முந்தானையால் மூஞ்சியைத் துடைத்தாள். "வந்து சேந்துருச்சுங்க" என்றாள்.

அன்று மத்தியானமே சாவியை அவளிடம் கொடுத்தேன். இப்போது உன் அம்மாவின் ஊட்டில் சுவர் உயரத்துக்கு மஞ்சள் நிற்கிறது. பூட்டியே கிடந்த ஊடு, கதவைத் திறந்தால் தெருவே மணக்கிறது. அந்த மணம் ஓமலூர் வரை போவதாகக் கேள்வி. கேள்வி என்றால் நான் சொன்னதுதான்.

இனி முக்கியமான சேதி. ஒற்றைப்படை வயதுக்குக் காத்திருக்கவில்லை; வைகாசியில் நல்ல நாள் பார்த்து, அண்ணமார் கோயிலில் காதுகுத்து வைத்தேன். வெற்றிலை பாக்கு வைத்து ஊரை அழைத்தேன். யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. உன் அத்தை முன்னாலேயே வீடு வீடாகப் போய் ஏதோ சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். சீர்த்தட்டில் பச்சைப் பட்டுப்பாவாடை, பூ, பழம், பூசணிக்காய் அளவு அரைஞாண், எல்லாம் முறைப்படி வந்தன. நான் மேடைத் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு சம்மணமிட்டு உட்கார்ந்தேன். பாவாடையைச் சுற்றி யுகுலேலேயை என் மடியில் வைத்தாள் உன் அத்தை. பூனைக்குக்கூடக் கொடுக்காமல் வைத்திருந்த மடி.

தட்டாசாரி ஊசியோடு வந்து குனிந்து பார்த்துவிட்டு, என் காதோரமாக, "ஏனுங், இதுக்குக் காது எங்கீங்?" என்றார்.

"தேடுய்யா. சுருதி சேரறதுக்குத் திருகறமே, அதென்ன மூக்கா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. தலைமாட்டில் இந்தப் பக்கத்து முறுக்காணியையும் அந்தப் பக்கத்து முறுக்காணியையும் மஞ்சள் தொட்டுத் துடைத்தார். ஊசியால் மெதுவாக ஒரு குத்துக் குத்தி, சிவப்புக்கல் தோடு இரண்டையும் இரண்டு பக்கமும் கட்டினார். பெண்கள் குலவையிட்டார்கள். பிறகு நான் நாலு கூட்டும் வாசித்தேன், மூன்று கட்டைச் சுருதியில். தோடு இரண்டும் ஆடின.

நீ அங்கேயே இரு சாமி. மழை பெய்தால் போய்ப் பார். எனக்கும் சேர்த்துப் பார். செம்பருத்திக்கு வேரில் தண்ணீர் நிற்கக் கூடாது, மேட்டில் மண் அணைத்து வை. கரீம் பாஷா கப்பலேறும்போது ஒரு முடிச்சு விரலி மஞ்சள் கொடுத்தனுப்புகிறேன். உன் அம்மா ஊட்டில் காய்ந்தது.

நான் எழுதுவதை நிறுத்தப் போகிறேனா? என்ன நினைத்தாய் உன் மாமனை? நம் குட்டிக்கு இப்போது நாலு வயது. வயதுக்கு மீறிய வளர்த்தி, பேச்சுக்கோ கேட்க வேண்டாம். அந்த யானையைக் கிணற்றடிக்கு மாற்றிக் கட்டியிருக்கிறேன். அவள் ஏறுவதற்கு ஏணி செய்யச் சொல்லியிருக்கிறேன்.

ஊசி பட்டபோது அவள் அழவே இல்லை. மாமன்தான் அழுதான் என்று உன் அத்தை யாரைப் பிடித்தாவது எழுதியனுப்புவாள். நம்பாதே. கோயிலில் அன்று சாம்பிராணிப் புகை அதிகம்.

உங்கள் மூவருக்கும் என் ஆசி,
கண்ணுசாமி மாமன்